பட்டா லொறியும் பழைய துண்டும்



சென்ற மாதம் சம்பளத்துக்கு மறுநாள் நமது காரியாலயத்துக்கு ஓர் அம்மா வந்தார். 31 வருடம் கொழுந்து எடுத்தவர். ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. கையில் ஒரு சீலைப் பை, அதற்குள் லீசிங் கம்பனியின் கடதாசிகள், அத்தனையும் ஆங்கிலத்தில். மகன் ஓட்டிய பட்டா லொறியை டீசல் ஷெட்டில் வைத்து நாலு பேர் மறித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று தவணை பாக்கியாம். அந்த அம்மா நம்மிடம் கேட்டது இவ்வளவுதான்: "தலைவரய்யா, லொறி அவங்களுக்கே இருக்கட்டும். என் சர்வீஸ் காசு அதுக்குள்ள கெடக்கு. அத மட்டும் எடுத்துக் குடுங்க."

நாம் பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம். அந்தப் பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறோம். எழுதுவது யாருக்கு உறைத்தாலும் உறைக்கட்டும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகக் கிடைக்கவேண்டும். அந்த அம்மா ஓய்வு பெறும்போது நாட்சம்பளம் 1350 ரூபா. 14 நாளுக்கு 18,900. 31 வருடத்துக்கு 5 இலட்சத்து 85 ஆயிரத்து 900 ரூபா. வெயிலிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் 31 வருடம் நின்றதற்கு அவ்வளவுதான் விலை. அதோடு சேமலாப நிதியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் போட்டு 6 இலட்சம் முற்பணம் கட்டினார்கள். லொறியின் விலை 16 இலட்சம். மிச்சம் 10 இலட்சத்துக்கு லீசிங், 48 மாதம், மாதம் 32,600 ரூபா. அந்த அம்மாவின் நாட்சம்பளத்தில் 24 நாள் பேர், மாதாமாதம், நாலு வருடத்துக்கு.

பையன் 14 தவணை ஒழுங்காகக் கட்டியிருக்கிறான். 4 இலட்சத்து 56 ஆயிரத்து 400 ரூபா. அதில் முதல் கடன் குறைந்தது எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 2 இலட்சம். மீதி எல்லாம் வட்டி. லொறியைப் பறித்து இரண்டு கிழமையில் இன்னொரு கடிதம் வந்தது. ஏலத்தில் விற்றாகிவிட்டது, பறித்த கூலி, யார்டில் நிறுத்திய கூலி, தாமதக் கட்டணம் எல்லாம் கழித்து இன்னும் 1 இலட்சத்து 60 ஆயிரம் கட்டவேண்டுமாம். கையெழுத்துப் போட்ட இரண்டு பிணையாளிகளுக்கும் அதன் பிரதி. இருவரும் அதே லயத்துக்காரர்கள். இப்போது மூன்று வீடும் பேசிக்கொள்வதில்லை.

லொறியை நாம் குற்றம் சொல்லவில்லை. இந்தியாவில் டாட்டா கம்பனி 2005 இல் விட்ட 'ஏஸ்' என்ற இந்தச் சின்ன வண்டி, இங்கே டிமோ பட்டாவாகி மலையெங்கும் ஓடுகிறது. பட்டா என்றால் சிங்களத்தில் குள்ளன். தமிழ்நாட்டில் இதைச் சின்ன யானை என்கிறார்கள். முதலில் வந்தவற்றில் இரண்டு சிலிண்டர், 702 சீசீ டீசல் இஞ்சின், முக்கால் தொன் சுமை. பெரிய லொறி திரும்ப முடியாத லயத்து முடக்கில் இது திரும்பும். 1990 அம்புலன்ஸ் பிரதான வீதி வரைதான் வரும், அதற்கு மேல் பாதை இல்லை. பிள்ளைத்தாச்சியைக் கீழே கொண்டுபோனது எந்த வண்டி என்று உங்கள் தோட்டத்தில் கேட்டுப்பாருங்கள். மரக்கறி, விறகு, சீமெந்து, கல்யாணத்துக்குக் கதிரை, சாவுக்குப் பெட்டி, எல்லாம் இதில்தான். ஊரில் பட்டா என்றால் காணி உறுதி. இருநூறு வருடமாகக் காணி உறுதி கேட்கிற நமக்குக் கிடைத்த பட்டா நாலு சில்லோடு வந்திருக்கிறது. அதுவும் நம் பெயரில் இல்லை.

இங்கே சிலருக்கு ஒரு பேச்சு இருக்கிறது. "தோட்டத்தானுக்குச் சேமலாப நிதி கிடைத்தால் போதும், வாகனம் வாங்கி, குடித்து, ஆறு மாதத்தில் அழித்துவிடுவான்." பங்களாவில் பேசுகிறார்கள், பத்திரிகையில் எழுதுகிறார்கள், வெட்கத்தோடு சொல்கிறோம், நமது கூட்டங்களிலும் சிலர் பேசுகிறார்கள். இவர்களைக் கேட்கிறோம்: ஓர் இளைஞன் கொழும்பில் கடைச் சிப்பந்தியாகப் போய்ப் பலகையில் படுக்காமல், சொந்த ஊரில் ஒரு தொழில் செய்யலாம் என்று நினைப்பது ஆடம்பரமா? அவனுக்கு வங்கி கடன் கொடுத்ததா? லயத்து அறையை ஈடு வைக்க முடியுமா? கையில் சொத்தென்று இருப்பது தாயின் சேவைக்காலப் பணம் ஒன்றுதான். அதைத்தான் எடுத்தான்.

சரி, ஏன் எடுத்தான்? இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

அந்தப் பையன் ஓட்டியது கொழுந்து லொறி. முன்பெல்லாம் மடுவத்திலிருந்து ஸ்டோருக்குக் கொழுந்து போனது தோட்டத்து லொறியில், தோட்டத்து டிரெக்டரில். சாரதி தோட்டத்து ஆள். அவருக்கும் சேமலாப நிதி, கிளீனருக்கும் சேமலாப நிதி. டயர் வெடித்தால் தோட்டக் கணக்கு, டீசல் விலை ஏறினால் தோட்டக் கணக்கு, இஞ்சின் போனால் அதுவும் தோட்டக் கணக்கு. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. அதன்பிறகு செலவென்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே தள்ளினார்கள். பழுதான லொறியைத் திருத்தவில்லை. சாரதி ஓய்வு பெற்றால் புதிய ஆள் போடவில்லை. பிறகு ஒருநாள் 'கொந்தராத்து' என்றார்கள்.

இப்போது வருமானப் பங்கீடு, வெளிப்பயிர்ச் செய்கை என்று மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் கொடுக்கும் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி இந்த ஏட்டில் வேறு சந்தர்ப்பத்தில் விரிவாக எழுதுவோம். இங்கே ஒன்றை மட்டும் கவனியுங்கள். நமக்குத் தெரிந்த தோட்டங்களில், மலையைப் பிரித்துக் கொடுத்தபோது கொழுந்தை ஸ்டோருக்குக் கொண்டுசேர்க்கிற பொறுப்பையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். கொழுந்து கம்பனிக்கு. ஏற்றிச் செல்கிற சுமை நமக்கு. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அதுவும் அடுத்த மாதம் கழித்துத்தான் கைக்கு வரும். ஈரக் கொழுந்து என்று நிறையில் வெட்டினால் லொறிக் கூலியிலும் வெட்டு. டீசல் விலை ஏறினால் கூலி ஏறுமா என்று அந்தப் பையன் ஒப்பந்தத்தில் தேடினான். ஒப்பந்தமே இல்லை, வாய்ப்பேச்சுதான்.

தை, மாசி, பங்குனியில் மேற்கு மலைச்சரிவில் கொழுந்து குறையும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். லீசிங் கம்பனிக்கு மட்டும் தெரியாது. சித்திரையில் கொழுந்து குவிந்தாலும் 32,600, மாசியில் மலை காய்ந்தாலும் 32,600. அந்தப் பையனின் மூன்று தவணை பாக்கியும் விழுந்தது அந்த மூன்று மாதத்தில்தான். குடித்து அழிக்கவில்லை, ஐயாமாரே. மழை பெய்யவில்லை.

அதனால்தான் சொல்கிறோம், கம்பனி வாங்கவேண்டிய லொறியை ஒரு கொழுந்து எடுக்கிற பெண்ணின் சேவைக்காலப் பணம் வாங்கியிருக்கிறது. கம்பனியின் தேய்மானக் கணக்கிலிருந்து ஒரு லொறி குறைந்து, லயத்துக் காம்பராவின் கடன் கணக்கில் ஒரு லொறி ஏறியிருக்கிறது.

இனி அந்த 16 இலட்சத்துக்கு வருவோம். லொறி 2013 இல் பதிந்தது. பன்னிரண்டு வருடப் பழைய வண்டிக்கு, அது புதிதாக இறங்கிய நாளில் முதல் சொந்தக்காரர் கொடுத்ததைவிடக் கூடுதல் விலை. இப்படியொரு கூத்து எங்கே நடக்கும்? இங்கே நடந்தது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 இல் 200 ரூபாவாக இருந்த டொலர் மூன்று மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. புதிய வண்டி வராது, வந்தாலும் வாங்க முடியாது என்றானதும், ஓடித் தேய்ந்த இந்திய வண்டிகளுக்கெல்லாம் பொன் விலை. 2025 பெப்ரவரியில் மீண்டும் இறக்குமதி தொடங்கியது உண்மை. ஆனால் வரிக்கு மேல் வரி. பாவித்த வண்டியின் விலை இறங்கும் இறங்கும் என்று காத்திருந்தவர்கள் காத்திருந்ததுதான் மிச்சம். நாட்டின் டொலர் கையிருப்பை யார் தின்றார்கள் என்பது ஊரறிந்தது. தேயிலையை ஏற்றுமதி செய்து டொலர் கொண்டுவந்து கொடுத்தவர்கள் நாம். அந்த டொலர் இல்லாமற்போனதற்கு விலையேற்றமாகத் தண்டம் கட்டுகிறவர்களும் நாம்.

சந்தையில் இந்த வண்டிகள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். புரோக்கர் சொல்வார், "ஒரே கை, டீச்சர் ஒருவர் பாவித்தது." பட்டா லொறியை எந்த டீச்சர் பாவித்தார்? கரையோரத்தில் ஐஸும் மீனும் ஏற்றிய வண்டிகள் நிறைய மலைக்கு வருகின்றன. உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் செசியில் சொட்டியிருக்கும். மேலே புதுப் பெயின்ட் பளபளக்கும், கீழே குனிந்து சாவியால் தட்டினால் துரு பொட்டுப் பொட்டாக உதிரும். நமது அங்கத்தவர் ஒருவர் நீண்டகாலம் கராஜில் வேலை செய்தவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பிளேட் போட்டிருந்தால் அந்த வண்டி முக்கால் தொன்னுக்குப் பதில் ஒன்றரைத் தொன் இழுத்த வண்டி. இஞ்சினும் கிளச்சும் அந்தக் கணக்கில் தேய்ந்திருக்கும். வண்டியைப் பார்க்க விடிய முன்னமே போங்கள், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். விற்கிறவர் இஞ்சினைச் சூடாக்கி வைத்துவிட்டால் குளிரில் ஸ்டார்ட் ஆகுமா என்பது தெரியாமலே போகும், நானுஓயாவில் மார்கழி மாதம்தான் தெரியவரும். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. மீற்றரைப் பார்க்கவே வேண்டாம், அது திருப்பி வைத்தது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கிளச் மிதியின் ரப்பரையும் சாரதி ஆசனத்தையும் பாருங்கள், அவை பொய் சொல்லா. சமதரையில் ஓட்டிப் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று வராதீர்கள். பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு முதல் கியரில் ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள், இறக்கத்தில் பிரேக்கைப் பாருங்கள். நீங்கள் கூட்டிப்போகிற பாஸுக்குக் கூலி நீங்களே கொடுங்கள். விற்கிறவர் கொடுத்தால் அவர் விற்கிறவரின் பாஸ்.

வண்டியைவிடப் புத்தகம் முக்கியம். 'ஓப்பன் பேப்பர்' என்ற ஒரு வியாபாரம் நடக்கிறது. உரிமை மாற்றப் படிவத்தில் யாரோ ஒருவரின் கையெழுத்து இருக்கும், வாங்குகிறவரின் இடம் வெற்றாக இருக்கும், நாலைந்து கை மாறியிருக்கும். 2022 இல் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தபோது இப்படி வாங்கியவர்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? வண்டி இவரிடம், கியூஆர் எங்கோ அநுராதபுரத்தில் இருக்கிற முன்னாள் சொந்தக்காரரின் பெயரில். நமது அங்கத்தவர்கள் இருவர் இரண்டு மாதம் லொறியைத் தரப்பாளால் மூடிவைத்திருந்தார்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்தால் வண்டி யார் பெயரில், எந்தக் கம்பனிக்குக் கட்டுப்பட்டது என்று அறியலாம். செசியில் அடித்த இலக்கமும் புத்தகத்து இலக்கமும் ஒன்றா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். வண்டியில் ஆள் ஏற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாமான் ஏற்றுகிற வண்டியின் பின்னால் பெண்களை நிறுத்தி மலைக்குக் கொண்டுபோகச் சொல்லித் துரைமார் கேட்பார்கள். விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனி கையை விரிக்கும், பொலிஸ் சாரதியைப் பிடிக்கும், துரை "நான் சொல்லவில்லையே" என்பார். எழுத்தில் இல்லாமல் ஒருவரையும் ஏற்றாதீர்கள். எழுத்தில் தரமாட்டார்கள்.

இனி லீசிங்குக்கு வருவோம். அதில் கையெழுத்துப் போட்டால் வண்டியின் முழு உரிமையாளர் கம்பனி. நீங்கள் வரி கட்டுகிறவர், முழுக் காப்புறுதி கட்டுகிறவர், புகைச் சான்றிதழுக்கும் தகுதிச் சான்றிதழுக்கும் அலைகிறவர், டயர் மாற்றுகிறவர். கடைசித் தவணை கட்டும் நாள் வரை வண்டி உங்களுடையதல்ல.

நமது பாட்டன்மார்க்கு இது புதிதாக இருந்திராது. அந்தக் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன், இதைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆட்களை விடலாம் என்று துரை எழுதிக் கொடுத்த கடதாசி. பெரிய கங்காணி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் பேரம் பேசினார். தாம் எவ்வளவு கடன்பட்டோம், அது எப்படி ஏறியது என்று தொழிலாளிக்குத் தெரியாது. கடதாசி அவருக்கு விளங்காத மொழியில் இருந்தது. 1921 இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். இன்று கங்காணிக்குப் பதிலாகக் கழுத்துப்பட்டி கட்டிய பையன் மோட்டார் சைக்கிளில் லயத்துக்கே வருகிறான். சேமலாப நிதி யாருக்கு எப்போது வருகிறதென்று வீட்டுக்காரருக்குத் தெரியும் முன்னமே அவனுக்குத் தெரிகிறது. எப்படித் தெரிகிறது? யார் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்வியை வெளியே மட்டும் கேட்டுவிட்டுப் போனால் நாம் யோக்கியர்கள் அல்ல. நமது தோட்டத் தலைவர்களில் சிலர் புரோக்கராகவும் இருக்கிறார்கள். ஓய்வு பெறுகிறவரின் படிவத்தை நிரப்பிக் கொடுக்கிற கை, அந்த வீட்டு விலாசத்தையும் லீசிங்காரனுக்குக் கொடுக்கிறது. வண்டிக்கு 20 ஆயிரம், 25 ஆயிரம் என்று 'சந்தோஷம்' வாங்குகிறது. அந்த அம்மாவின் கடதாசியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பவர் நமது சங்கத்துக்காரர்தான். சந்தா வாங்குகிற கையாலேயே தரகும் வாங்குகிறவரை வைத்துக்கொண்டு கம்பனிக்காரனை என்ன முகத்தோடு கேள்வி கேட்பது? வாலிபர் அணியில் இதைப் பேசியபோது, "பெயரைப் போட்டால் சங்கம் உடையும்" என்றார் ஒரு மூத்தவர். பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர் இனிப் பதவியில் இல்லை. பிணையாளிகள் இருவருக்கும் வந்திருக்கிற 1 இலட்சத்து 60 ஆயிரத்தில் அவர் வாங்கிய தரகை முதலில் கட்டவேண்டும் என்று செயற்குழு எழுதிக் கொடுத்திருக்கிறது.

அந்த அம்மாவின் விஷயத்தில் நாம் செய்திருப்பது இவை. லீசிங் ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்டு எழுதியிருக்கிறோம். மத்திய வங்கி 2023 இல் கொண்டுவந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி நாம் கேட்கிற மொழியில் தரவேண்டியது அவர்கள் கடமை. ஏலத்தில் வண்டி யாருக்கு, என்ன விலைக்குப் போனது என்ற கணக்கையும் கேட்டிருக்கிறோம். மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறைப்பாடு போயிருக்கிறது. உங்களில் யாருக்கும் இப்படி நடந்தால் அதன் இலக்கம் 1935. டீசல் ஷெட்டில் சாவியைப் பிடுங்கியதற்குப் பொலிஸில் தனி முறைப்பாடு. கடன் பாக்கி என்பது ஒருவரின் கழுத்தைப் பிடிக்க அனுமதிப்பத்திரம் ஆகாது.

தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுத்த கடிதத்தில் நாம் கேட்டிருப்பது: கொழுந்து ஏற்ற ஒன்று தோட்டமே லொறி போடட்டும், சாரதிக்குப் பேர் போடட்டும். அல்லது கொந்தராத்து என்றால் எழுத்தில் ஒப்பந்தம், டீசல் விலையோடு ஏறி இறங்குகிற கூலி, கொழுந்து குறைகிற மாதங்களுக்குக் குறைந்தபட்சக் கொடுப்பனவு, மாதம் 10 ஆம் திகதிக்குள் காசு. சேவைக்காலப் பணத்தை 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்ற சட்டத்தையும் அதில் ஞாபகப்படுத்தியிருக்கிறோம். மாதக்கணக்கில் இழுத்தடிப்பதால்தான் நமது ஆட்கள் வட்டிக்காரனிடம் போய், பிறகு அந்தக் கடனையும் சேர்த்து அடைக்க லொறி என்று இறங்குகிறார்கள். பதிலுக்கு இரண்டு கிழமை தவணை கேட்டிருக்கிறார்கள். கொடுத்திருக்கிறோம், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

வண்டி வாங்க நினைக்கிற தோழர்கள் முற்பணம் கொடுக்கும் முன் புத்தகத்தின் பிரதியையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு காரியாலயத்துக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணியிலிருந்து ஒருவர் வாசித்துச் சொல்ல இருப்பார், கராஜ் தோழரும் வருவார். காசு எதுவும் வேண்டாம். யாராவது கேட்டால், கேட்டவரின் பெயரை நம்மிடம் சொல்லுங்கள்.